நம் ரோட்டை அளந்துவிட்டார்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

நம் ரோட்டை அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஐந்தரை மீட்டரை ஏழு மீட்டர் ஆக்கி இருவழியாக்கப் போகிறார்களாம். புளியமரங்களில் பட்டையைச் செதுக்கி, பெயின்டில் நம்பரும் போட்டாயிற்று. நீ போனில் நஷ்டஈடு எவ்வளவு வரும் என்றே திருப்பித் திருப்பிக் கேட்டாய். இந்த ரோட்டுக்கு இதெல்லாம் தேவையா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ஜினியருக்குப் படித்த பிள்ளை, அதைத்தான் முதலில் கேட்பாய் என்று நினைத்தேன்.

பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு நாலுவழி போட்டது சரிதான். அது தக்காளி லாரி ஓடுகிற ரூட். நம் ரோட்டில் என்ன ஓடுகிறது? டவுன் பஸ், பால் வண்டி, சீசனுக்கு மாங்காய் டெம்போ. ஏரிக்கரை வளைவில் பஸ்ஸுக்கு ஒதுங்கினால், தார் விளிம்பிலிருந்து மண் ஒரு சாண் கீழே கிடக்கிறது. பால்காரர் கேனோடு சரிந்தது அங்கேதான். ஓரத்துக்கு மண் கொட்டி இறுக்கி, அந்த வளைவை மட்டும் அகலப்படுத்தினால் போதும். தொப்பூர் கணவாயில் அகலம் இல்லாமலா அத்தனை விபத்து நடக்கிறது? ரோடு அகலமானால் பையன்கள் முறுக்கத்தான் செய்வார்கள். நீயும் வண்டியை மெதுவாக ஓட்டு.

அப்புறம் நஷ்டஈடு. மரமெல்லாம் நெடுஞ்சாலைத் துறையுடையது. நம் பட்டாவில் போவது வரப்பை ஒட்டிய கொஞ்சம்தான். 2013 நிலமெடுப்புச் சட்டப்படி நிலத்தின் மதிப்போடு அதே அளவு ஆறுதல் தொகையும் உண்டு. ஆனால் அந்த மதிப்பையே அரசாங்கத்தின் வழிகாட்டி மதிப்பையும் அக்கம்பக்கத்துப் பத்திரங்களையும் பார்த்துத்தான் போடுவார்கள். நீ மனதில் வைத்திருக்கிற தொகை வராது.

அதை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. கொடுத்திருந்தால் சொல். யாரிடம், எவ்வளவு, வட்டி என்ன, அது மட்டும் போதும். எதற்கு என்று கேட்கமாட்டேன். அம்மாவுக்கும் தெரியவேண்டாம். கறவை மாடு இருக்கிறது, மேட்டுக்காடு இருக்கிறது. பொங்கலுக்கும் நீ வரவில்லை, இப்போது போனும் எடுப்பதில்லை. உன் பேச்சு வந்தால் இன்றைக்கும் ஊரில் நான் தலைநிமிர்ந்துதான் நிற்கிறேன், தம்பி.

அகலப்படுத்த வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் மனு எழுதியிருக்கிறார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. நான் மட்டும் உன்னிடம் பேசிவிட்டுப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை கலெக்டரிடம் கொடுக்கிறார்கள். அதற்குள் போன் செய். வண்டியை மெதுவாக ஓட்டு.

அப்பா