ஸ்டூல் எடுத்து வந்த தங்கச்சிக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

தோழர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் வணக்கம்.

இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீட்டு ஆபீசிலிருந்து உத்தரவு கைக்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் தபால்காரர் கொடுத்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரி கவரைப் பிரிக்காமல் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். மகள் வேலை முடிந்து வந்துதான் படித்துச் சொன்னாள். பிஸினோசிஸ், அதாவது பஞ்சுத் தூசியால் வந்த நுரையீரல் நோய், வேலையால்தான் வந்தது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் பணம் வரும். இந்த ஆறு வருஷம் நாங்கள் பட்ட பாடு உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆனால் முதலில் உங்களில் யாருக்குமே தெரியாத ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நோயைப் பார்த்து முடிவு சொல்லும் டாக்டர்கள் குழுவான மெடிக்கல் போர்டு கூடிய அன்று. போர்டு உட்கார்ந்தது இரண்டாவது மாடியில். லிப்ட் ஓடவில்லை. பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அடுத்த போர்டு எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். எனக்கோ பத்துப் படி ஏறினால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். கீழே நின்று படிக்கட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி ஒரு கையில் பைலும் மறு கையில் என் முழங்கையுமாக நின்றாள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு தங்கச்சி எங்களைப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும், நீலக் கோட்டு போட்டிருந்தார். மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, டோக்கன் கொடுக்கும் இடத்திலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏறினார். முதல் திருப்பத்தில் அதைப் போட்டார். "இதுவரைக்கும் வாங்ணா, போதும். வந்து உக்காந்துக்கலாம்" என்றார்.

போய் உட்கார்ந்தேன். அவர் என்ன வியாதி என்று கேட்கவில்லை. பீடி பிடிப்பீர்களா என்று கேட்கவில்லை. என் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தபடி கைப்பிடியில் சாய்ந்து நின்றார். மூச்சு கொஞ்சம் அடங்கி நான் எழுந்ததும், ஸ்டூலை எடுத்துக்கொண்டு மேலே போனார். இப்படி நாலு தடவை. நாலு தடவையும் நான் போய்ச் சேரும் முன்னால் ஸ்டூல் எனக்காகக் காத்திருந்தது. மூன்றாவது தடவை உட்கார்ந்திருக்கும்போது மேலே என் பெயரைக் கூப்பிடுவது கேட்டது. பதறி எழுந்தேன். அவர் என் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். அப்புறம் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "வந்துட்டே இருக்கறாருங்க! படியில இருக்கறாரு!"

மேலே சேர்ந்து, பெஞ்சில் உட்கார்ந்து, நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஸ்டூலோடு இறங்கிப் போய்விட்டார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு இது ஏன் பெரியது என்று சொல்கிறேன். இந்த நோய் எக்ஸ்ரேயில் பிடிபடாது. எங்கள் மில்லிலேயே பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷினில் விரலைக் கொடுத்தவர் உண்டு. அவர் கையை நீட்டினால் போதும், எல்லோருக்கும் தெரியும். நான் எதை நீட்டுவது? குழாயில் ஊதச் சொல்வார்கள், இன்னும் பலமாக ஊதுங்கள் என்பார்கள், வேண்டுமென்றே மெதுவாக ஊதுகிறானோ என்று பார்ப்பார்கள். பீடியால் வந்தது என்றார்கள், பரம்பரை வீசிங் என்றார்கள், நீ தூசி குறைவான, நூல் சுற்றும் வைண்டிங்கில்தானே இருந்தாய் என்றார்கள். ஆறு வருஷமாக என் மூச்சுக்கு நான் சாட்சி தேடி அலைந்தேன். அந்தப் படிக்கட்டில் ஒருத்தர் பார்த்த மாத்திரத்தில் நம்பினார். என் பயத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

மற்றவர்களையெல்லாம் சேர்த்துச் சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். 19 வருஷம், பஞ்சு மூட்டையைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் கூட நின்றவர்களில் ஐந்து பேர், தங்கள் வேலைக்கு ஆபத்து என்று தெரிந்தும் எனக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். ஜெராக்ஸ் கடைத் தம்பி பாதி நாள் காசு வாங்கவில்லை. மருமகன் லீவு போட்டுப் போட்டு அவருக்கே வேலை போகும் நிலை. சங்கத்து அண்ணன் இல்லாவிட்டால் வேலையால் வரும் நோய்கள் என்று இ.எஸ்.ஐ.க்குச் சட்டத்தில் போட்டிருக்கும் பட்டியலில் கல் தூசியால் வரும் சிலிகோசிஸோடு பஞ்சுத் தூசி நோயும் இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. முதலில் வந்ததே நம் கோயம்புத்தூருக்குத்தான், 1955-ல். இத்தனை வருஷம் சம்பளத்தில் பிடித்த காசு காய்ச்சல் மாத்திரைக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்த டாக்டரம்மாவையும் சொல்லாமல் இருக்க முடியாது. "வார லீவு முடிஞ்சு போற முதல் நாள் நெஞ்சு எப்படி இருக்கும்?" என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருப்பேன். திங்கட்கிழமை பஞ்சுப் பேல் பிரிக்க ஆரம்பித்து மத்தியானம் ஆவதற்குள், ஈரத்துணியைப் பிழிவதுபோல நெஞ்சைப் பிடித்து முறுக்கும். ஞாயிற்றுக்கிழமை தின்ற கறிச்சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, தூசிக்கு மருந்தாக ஒரு வெல்லக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு வேலை பார்ப்போம். அப்புறம் செவ்வாய்க்கிழமையும் முறுக்கியது, அப்புறம் வாரம் முழுக்க, அப்புறம் லீவு நாளிலும். டாக்டரம்மா ஓ.பி. சீட்டில் "ப்ளோ ரூம், 19 வருடம்" என்று எழுதினார். கடைசிவரை எங்களுக்குக் கை கொடுத்தது அந்த ஒரு வரிதான்.

நான் மனசு விட்டுப்போன ஒரு ராத்திரி சங்கத்து அண்ணன் வீட்டுக்கு வந்தார். குஜராத்தில் குவார்ட்ஸ் கல் அரைக்கும் ஆலைகளுக்கு வேலைக்குப் போன மத்தியப் பிரதேசத்துப் பழங்குடி மக்களைப் பற்றிச் சொன்னார். அந்தக் கல் தூசியால் 238 பேர் செத்த பிறகு, 2016-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் கொடுக்கச் சொன்னதாம். "நீ உசுரோட இருந்து வாங்கோணும்" என்றார். வாங்கிவிட்டேன் அண்ணா.

இப்போது ப்ளோ ரூமில் நிற்பவர்களில் ஒடிசா, பீகார் பிள்ளைகள் நிறைய. மாதத்தில் ஒரு திங்கட்கிழமையாவது ஷிப்ட் விடும் நேரத்தில் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதே, எந்த டிபார்ட்மெண்ட் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதச் சொல் என்று முடிந்தவரை சொல்வேன். அவர்கள் பாஷை எனக்கு வராது. மகள் இந்தியில் எழுதித் தருகிறேன் என்றிருக்கிறாள்.

நேற்று அந்தத் தங்கச்சியைப் பார்க்க ஒரு டஜன் வாழைப்பழத்தோடு போனேன். கீழ்த்தளத்தில் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. "எத்தனாவது மாடிக்குங்ணா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்டூலை எடுக்கப் போய்விட்டார். மாடிக்கு வரவில்லை, உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லிப் புரிய வைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அதனால் அதே ஸ்டூலில் உட்கார்ந்துதான் நன்றி சொன்னேன். ஊருக்கெல்லாம் எழுதப் போகிறேன் என்றதும் பயந்துவிட்டார். "பேரைப் போட்டுறாதீங்ணா. ஸ்டூலை எடுத்தா சூப்பர்வைசர் சத்தம் போடுவாரு."

அதனால் பெயர் போடவில்லை.