காந்தப்புலம் குறைகிறது, காரணத்தையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். பூமியின் காந்தப்புலம் பலவீனமாகிறது என்று செய்தி வந்தாலே உலகம் அழியப்போகிறது என்று கிளப்பிவிடுகிறார்கள், ஏன் குறைகிறது என்று யாரும் சொல்வதில்லை, அதுதான் என் ஆதங்கம். கடந்த 200 ஆண்டுகளில் புலம் சுமார் 9 சதவீதம் குறைந்திருப்பது உண்மைதான். நம் காலடியில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே உருகிய இரும்பு ஓயாமல் புரண்டுகொண்டிருக்கிறது, அந்த ஓட்டம்தான் டைனமோ மாதிரி மின்னோட்டத்தை உண்டாக்கி இந்தப் புலத்தைக் காப்பாற்றுகிறது, ஓட்டம் மாறினால் புலமும் மாறும். தென் அட்லாண்டிக் பக்கம் அந்த ஆழத்தில் சில இடங்களில் புலம் எதிர்த்திசைக்குத் திரும்பியிருக்கிறது. அங்கே பலவீனம் அதிகமாக இருப்பதற்கு அதையே முக்கியக் காரணமாகக் கருதுகிறார்கள். பூமியைச் சுற்றிவரும் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி அந்த வட்டாரத்தைக் கடக்கும்போது ஆய்வையே நிறுத்திவைக்கிறார்கள், புலம் பலவீனமான அங்கே விண்வெளியின் மின்னூட்டத் துகள்களின் தாக்குதல் அவ்வளவு! கவலைப்பட வேண்டியது இப்படிப்பட்ட கருவிகளுக்காகத்தான்.

சரி, வட, தென் காந்தத் துருவங்கள் தலைகீழாகிவிடுமா? கடைசியாக முழுதாக மாறியது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு, அதுவும் ஒரே ராத்திரியில் அல்ல, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தது. 2013-ல் ஏவிய ஐரோப்பாவின் ஸ்வார்ம் செயற்கைக்கோள்கள் இந்தப் புலத்தை அளந்து வருகின்றன. அந்த அளவீடுகளை வைத்து, படத்தோடு அவ்வப்போது ஒரு கட்டுரை போடுங்கள், பிள்ளைகளும் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்