மண்டபத்துத் தரைக்கு ஒரு நன்றி மடல்

பரதநாட்டியப் போட்டி நல்லபடியாக முடிந்துவிட்டது. கோப்பைகள் போகவேண்டிய வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. வெள்ளிக்கிழமை இரவு மழையால் போட்டியைப் பழைய அரங்கிலிருந்து கல்யாண மண்டபத்துக்கு மாற்றவேண்டி வந்தது கும்பகோணத்தில் எல்லோருக்கும் தெரியும். வெளியூர்ப் பெற்றோர்களும் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கேள்விப்பட்டுவிட்டார்கள். அதை இங்கே மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. மழையின் மேல் வழக்குப் போட முடியாது. என் தொண்டை இன்னும் திறக்கவில்லை, கணுக்கால் வீக்கமும் வடியவில்லை. ஆனாலும் ஆறப்போட்டால் இந்த மடல் ‘அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த’ என்று தொடங்கும் அச்சடித்த அட்டையாகிவிடும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

மொத்தமாகச் சொல்லவேண்டிய நன்றிகள் முதலில். நள்ளிரவில் கதவைத் தட்டியதும் கல்யாண மண்டபத்தின் சாவியைக் கொடுத்து, வாடகையைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்ற உரிமையாளருக்கு. ஒலிபெருக்கிப் பெட்டிகள் நனையாமல் தார்ப்பாய் போர்த்திக் கொண்டுவந்து சேர்த்த ஒலியமைப்புக்காரருக்கு. ஜெனரேட்டர் பக்கத்தைவிட்டு நகராத தம்பிக்கு. இடம் மாறியதைச் சொல்வதற்காகப் பழைய அரங்கின் வாசலில் குடையோடு நின்ற கல்லூரி மாணவிகளுக்கு. அங்கிருந்து குழந்தைகளை ஏற்றிவந்த ஆட்டோ ஓட்டுநர்களுக்கு. அன்று ஒருவர்கூடக் கூடுதல் கூலி கேட்கவில்லை. புளியோதரையும் தயிர்சாதமும் பொட்டலம் கட்டிக் கொடுத்த மெஸ்காரருக்கு. மூன்று நடுவர்களுக்கு. கூட்டல் கணக்குப் பார்த்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள் இருவருக்கு. இவர்களில் யார் ஒருவர் கைவிட்டிருந்தாலும் போட்டி நடந்திருக்காது. ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதவேண்டும், எழுதுவேன்.

இந்த மடல் பெரும்பாலும் வேறொருவரைப் பற்றியது. மண்டபத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்க்கும் அம்மா. பெயர் போடவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று பச்சை நிற நூல்சேலை கட்டியிருந்தார் என்றால் வந்திருந்தவர்களுக்கு யாரென்று புரிந்துவிடும்.

பழைய அரங்கின் மேடை மரப்பலகை. மண்டபத்தின் மேடையோ மாப்பிள்ளையும் பெண்ணும் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வதற்காகப் போட்டது. முகம் பார்க்கலாம் போன்ற கிரானைட். ஆடியவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். வெறுங்காலில் ஆடும் கலை இது. பாதத்தில் வியர்வை பட்டால் போதும், முழுக்கக் குந்தி உட்காரும் முழுமண்டியிலிருந்து எழும்போது கால் விலகிப்போகும். ஒரு குழந்தை ஆடிவிட்டு இறங்கினால் மேடையில் என்னென்ன கிடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சடையிலிருந்து உதிர்ந்த மல்லிகையும் கனகாம்பரமும். முகப்பவுடர். காலில் பூசிச் சரியாகக் காயாத செம்பஞ்சுக் குழம்பின் சிவப்புக் கறை. சில நேரம் சலங்கையிலிருந்து அறுந்த ஒரு மணி; தரையை ஓங்கித் தட்டி ஆடும் தட்டடவில் அதை மிதித்தவளுக்கு அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது. முதலில் ஆடுகிறவளுக்குத் தரை சுத்தமாக இருக்கும். நாற்பதாவதாக வருகிறவள் முப்பத்தொன்பது பேரின் மிச்சத்தின் மேல் ஆடுவாள். எந்த மதிப்பெண் தாளிலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

காலையில் முதல் குழந்தை அலாரிப்பு ஆடி முடித்து வணக்கம் சொல்லி இறங்கியதும், அடுத்த எண்ணை அறிவிப்பாளர் கூப்பிடுவதற்குள் இந்த அம்மா இரண்டு துணிகளோடு மேடை ஏறினார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. மண்டபத்தோடு எங்களுக்கிருந்த ஏற்பாடு காலையிலும் மாலையிலும் பெருக்குவது மட்டும்தான். பூவையும் குப்பையையும் கையால் பொறுக்கினார். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒரு தரம் துடைத்தார், பின்னாலேயே காய்ந்த துணியால் ஒரு தரம். பிறகு அவர் செய்ததைத்தான் நான் மறக்க மாட்டேன். எழுந்து நின்று, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, தன் குதிகாலை மேடையின் நான்கு மூலையிலும் நடுவிலும் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். வழுக்கவில்லை என்று தெரிந்த பிறகே அறிவிப்பாளரைப் பார்த்துத் தலையசைத்தார். படியில் காத்திருந்த சிறுமி கால் வைக்கப் போனபோது, “இரு கண்ணு, இந்தப் பக்கம் இன்னும் ஈரம்” என்று கையைக் காட்டித் தடுத்தார்.

அவ்வளவுதான். ஆனால் இதை ஒவ்வொரு குழந்தைக்கும் செய்தார். காலை ஏழரைக்குத் தொடங்கி இரவு கடைசி தில்லானா வரைக்கும். மதியத்துக்குள் அறிவிப்பாளர் பட்டியலைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவருடைய தலையசைப்பைப் பார்த்தே அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். சோப்புத் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று ஒரு மாணவி கேட்டதற்கு, “சோப்பின் வழவழப்பு லேசில் போகாது. வெறும் தண்ணீர் போதும், அதுவும் சொட்டக்கூடாது” என்றார்.

அவருடைய துடைப்பு முறையில் எங்களுக்கு இன்னொரு லாபமும் கிடைத்தது. நாட்டியப் போட்டிகளில் நான் நெடுங்காலமாகப் பார்த்துவரும் குறை ஒன்று உண்டு. ஒருத்தி ஆடி முடிக்கும்போதே அடுத்தவளுக்குப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். நடுவர் குனிந்து முந்தையவளுக்கு எண் எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்தவளின் முதல் அடவுகள் பார்வையாளர் இல்லாமலே போய்விடும். அன்று தரை காய எடுத்த ஒன்றரை நிமிடம் நடுவர்களுக்கும் கிடைத்தது. எழுதினார்கள், தாளைக் கவிழ்த்து வைத்தார்கள், நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எந்தக் குழந்தையும் குனிந்த தலைகளுக்கு முன்னால் ஆடவில்லை.

நேர்மையான போட்டி என்றதும் நாம் எல்லோரும் நடுவரைத்தான் நினைக்கிறோம். நினைக்கத்தான் வேண்டும். போட்டியை நடத்திய எங்கள் குழுவும் அதில் தலையைப் பிய்த்துக்கொண்டுதான் விதிகளை எழுதியது. குழுவில் இருப்பவர்களின் மாணவிகள் யாரும் பங்கேற்கக் கூடாது. அதனால் என்னிடம் நாட்டியம் படிக்கும் மாணவிகள் இந்த ஆண்டு வாசலில் தண்ணீர் கொடுத்தார்கள். நடுவர்கள் வெளி மாவட்டத்தவர்கள், தங்களிடம் படித்தவர்கள் யாரும் பட்டியலில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள். வரிசை, பெற்றோர் முன்னிலையில் சீட்டுக் குலுக்கி எடுத்தது. மேடையில் எண் மட்டும். குருவின் பெயரோ பள்ளியின் பெயரோ சொல்லப்படாது. உடைக்கும் நகைக்கும் மதிப்பெண் கிடையாது. வாடகை உடையில் வந்தவளும் புதுப்பட்டில் தைத்துக்கொண்டு வந்தவளும் அரைமண்டியில் உட்காரும்போது தெரியவேண்டியது முட்டிதானே தவிர ஜரிகை அல்ல.

மதிப்பெண்ணை அப்படியே கூட்டாமல் ஏன் தரவரிசையாக மாற்றினீர்கள் என்று சிலர் கேட்டார்கள். ஒரு நடுவர் எல்லோருக்கும் எழுபதுக்கும் எழுபத்தைந்துக்கும் இடையில் போடுவார், இன்னொருவர் நாற்பதிலிருந்து தொண்ணூற்றைந்து வரை போவார். கூட்டினால் இரண்டாமவர் சொன்னதே முடிவாகிவிடும், முதலாமவர் வந்ததே வீண். மேலைநாட்டு ஜோடி நடனப் போட்டிகள் பலவற்றில் இறுதிச் சுற்றில் நடுவர்கள் மதிப்பெண் போடுவதில்லை. முதலிடம், இரண்டாமிடம் என்று இடத்தைத்தான் குறிக்கிறார்கள், பெரும்பான்மை நடுவர்கள் எங்கே வைத்தார்கள் என்பதை வைத்து முடிவு வரும். நல்லதை எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். கேரளத்தில் 1957-இல் தொடங்கிய பள்ளிக் கலோத்ஸவம் என்ற கலைவிழாவில் மேல்முறையீட்டுக்கென்று கட்டணமும் நடைமுறையும் இருக்கின்றன. அங்கே அது நீதிமன்றம் வரைக்கும்கூடப் போயிருக்கிறது. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றுதான் முடிவில் ஆட்சேபம் இருந்தால் அரை மணி நேரத்துக்குள் எழுதிக் கொடுங்கள் என்று வைத்தோம்.

இவையெல்லாம் ஆட்டத்தை அளக்கிற விதத்தைச் சீராக்கும். ஆடுகிற இடத்தை யார் சீராக்குவது? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி அடியெடுத்து வைப்பதற்கு முன்பே மேடையின் அளவு, கோல் என்ற அந்தக் கால நீள அளவையில், வந்துவிடுகிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு ஏற்றினார்கள் என்றும் இருக்கிறது. மண்டபத்து மேடையில் எங்களுக்கும் அந்தத் தூண் நிழல் தொல்லை இருந்தது. இடப்பக்கம் போன குழந்தையின் முகம் பாதி இருட்டில். ஒலியமைப்புக்காரரின் உதவியாளர் ஏணி போட்டு விளக்கை நகர்த்திக் கட்டினார், அவருக்கும் இங்கேயே நன்றி.

மாலையில் ஒரு தகப்பனார் அவசரப்பட்டார். ரயிலைப் பிடிக்கவேண்டும், நேரம் ஓடுகிறது, தரை நன்றாகத்தானே இருக்கிறது, என் பெண்ணை ஏற்றிவிடுங்கள் என்றார். நியாயமான அவசரம்தான், அவரைக் குறை சொல்லவில்லை. நான் பதில் சொல்வதற்குள் இந்த அம்மா துணியைப் பிழிந்துகொண்டே, “எல்லாப் பிள்ளைக்கும் துடைத்தேன். உங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஐயா குறை வைக்கவேண்டும்?” என்றார். அவர் உட்கார்ந்துவிட்டார். விதிப்புத்தகத்தை எடுத்து நான் விளக்கியிருந்தால் சண்டையாகியிருக்கும்.

கடைசியில் அவரிடம் கேட்டேன், இதெல்லாம் எப்படித் தெரியும் என்று. நாட்டியம் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “பந்தியில் சாம்பார் சிந்தினால் துடைக்காமல் போய்விடுவார்கள் டீச்சர். வழுக்கி விழுகிறவர்களைத் தூக்குவது நான்தானே” என்றார். எந்தப் பிள்ளை நன்றாக ஆடியது என்று கேட்டதற்கு, நான் தரையைத்தான் பார்த்தேன் என்று சிரித்தார்.

பணம் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார். வேண்டாமென்று மறுத்துவிட்டார் என்று எழுதினால் படிக்க அழகாக இருக்கும். அப்படி நடக்கவில்லை, நடக்கவேண்டிய அவசியமும் இல்லை. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்த உழைப்புக்கு உரிய காசு அது. கொடுத்தது போதாது என்பதுதான் என் எண்ணம், குழுவிலும் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த ஆண்டுக்கு ஓர் உறுதி. பரிசுத்தொகையை ஏற்றவேண்டும் என்று நன்கொடையாளர்கள் சொல்கிறார்கள். ஏற்றலாம். அதற்கு முன்னால், எங்கே போட்டி நடந்தாலும் தரைக்கென்று இரண்டு பேருக்குக் கூலியும், ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் ஒன்றரை நிமிடமும் ஒதுக்கப்படும். அதனால் ஒரு பிரிவைக் குறைக்கவேண்டி வந்தால் குறைப்போம். முதலில் அழைக்கப்போவது யாரை என்று சொல்லத் தேவையில்லை.

மூன்று நடுவர்களின் மதிப்பெண் தாள்களும் தரவரிசைக் கணக்கும் அலுவலக அறையில் இருக்கின்றன. இந்த மாதம் முழுவதும் மாலை வேளையில் வந்து பார்க்கலாம், நகலும் எடுத்துக்கொள்ளலாம். அதே அறையில் அந்த அம்மா மேடையிலிருந்து பொறுக்கிச் சேர்த்த டப்பாவும் இருக்கிறது: ஒற்றை ஜிமிக்கி, ஒரு நெற்றிச்சுட்டி, ராக்கொடி, கைப்பிடி அளவு சலங்கை மணிகள், கணக்கில்லாத கொண்டை ஊசிகள். அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். ஓரத்தில் பத்தாம் எண் ஆண் செருப்பு ஒரு ஜோடியும் கிடைத்தது. அது போட்டியாளர் யாருடையதும் அல்ல என்று நம்புகிறோம்; தயவுசெய்து சீக்கிரம் வந்து எடுத்துப் போங்கள்.