கெட்டுப்போகாத போன்கள் குப்பைக்குப் போகின்றன

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்கழிவு சேகரிப்பு முகாம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த படத்தைப் பார்த்தேன். குவியலின் மேலேயே நாலைந்து ஐபி போன்கள் (நெட்வொர்க் ஒயர் வழியாகப் பேசும் ஆபீஸ் போன்கள்), ரிசீவரில் ஒயர் சுற்றியபடி, ஒரு கீறல்கூட இல்லாமல் கிடந்தன. ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போட்டுப் பராமரிப்பது என் தொழில் என்பதால் பார்த்ததுமே மாடல் தெரிந்துவிட்டது, சிஸ்கோ 7940, 7960. மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

அவை கெட்டுப்போனதால் அங்கே வந்திருக்காது. இந்த வகை போன் தானாக எதையும் செய்யாது, ஸ்கின்னி என்ற, சிஸ்கோ நிறுவனத்துக்கே உரிய மொழியில், அழைப்புகளை நடத்தும் மையக் கம்ப்யூட்டரான சர்வரோடு பேசிக்கொண்டிருக்கும்: நீங்கள் ஒரு பட்டனை அழுத்தினால் அதைச் சர்வருக்குச் சொல்லும், எந்த விளக்கை எரியவிடணும், திரையில் என்ன எழுதணும் என்பதைச் சர்வர்தான் திருப்பிச் சொல்லும். ஆபீஸ் அந்தச் சர்வரை நிறுத்திவிட்டு கம்ப்யூட்டரில் ஹெட்செட் மாட்டிப் பேசுவதற்கு மாறிய அன்றே, நன்றாக இருக்கிற போன் அத்தனையும் தன்னைப் பதிவு செய்துகொள்ள ஒரு சர்வர் இல்லாமல் நின்றுவிடும். உடனே எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் சர்வர் இடத்தில் ஆஸ்டரிஸ்க்கை வைக்கலாம். 1999-ல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) போன் மென்பொருள் அது, காசு கிடையாது. தன்னார்வலர்கள் எழுதிய சான்-எஸ்சிசிபி என்ற டிரைவரை, அதாவது இணைப்பு மென்பொருளைச் சேர்த்தால் ஸ்கின்னி மொழி அதற்குப் புரியும். ஒரு கம்பெனி கழித்துப்போட்ட 14 போன்களை இப்படித்தான் போன வருஷம் எங்கள் பகுதியில் ஒரு பள்ளியில் மாட்டினோம். சர்வராக இருப்பது ஆபீஸ் ரூமில் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டர். இரண்டு நாள் வேலை, அதில் ஒரு நாள் முழுக்க ஒரே ஒரு பிரச்சினையில் போனது. போன் தன் அமைப்புக் கோப்பை டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறையில் சர்வரிடம் கேட்கும், கோப்பின் பெயரில் அதன் மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள, எண்ணும் எழுத்தும் கலந்த தனி அடையாளம்) ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கணும், நான் சிறிய எழுத்தில் வைத்திருந்தேன், சர்வரில் ஓடும் லினக்ஸ் இயங்குதளம் இரண்டையும் வேறு வேறாகத்தான் பார்க்கும். இதைச் செய்யப்போகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் பவர்: இந்த இரண்டு மாடலும் நெட்வொர்க் ஒயரிலேயே மின்சாரம் தருவதற்கு (பிஓஇ) 2003-ல் வந்த பொதுத் தரத்துக்கு முந்தியவை, சாதாரண பிஓஇ சுவிட்சை நம்பாமல் 48 வோல்ட் அடாப்டரையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

முன்பெல்லாம் மூன்றாவது மாடி லேபில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் இன்னொரு பிள்ளை கீழே ஓடி வரணும். இப்போது டீச்சர் மூன்று எண்ணை அழுத்தினால் போதும். வெளி லைனோடு இணைக்கவில்லை, பள்ளிக்குள் பேச மட்டும்தான். பழைய மென்பொருள் உள்ள கருவி என்பதால் இணையத்தின் பக்கமே விடாமல் தனி நெட்வொர்க்கில் வைத்திருக்கிறோம், அது கட்டாயம்.

எனக்குள்ள கவலை, இந்த வழி நாளாக ஆகக் குறுகிக்கொண்டே வருகிறது. ஆஸ்டரிஸ்க்கின் கூடவே வந்துகொண்டிருந்த ஸ்கின்னி டிரைவரை 2023-ல் வந்த 21-ஆம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். இதே போன்களில் சிப் (SIP) என்ற பொது மொழி பேசும் ஃபர்ம்வேரை, அதாவது போனுக்குள் ஓடும் அடிப்படை மென்பொருளை, ஏற்றினால் எந்தத் திறமூல சர்வரோடும் பேசும், ஆனால் இப்படிப்பட்ட ஃபர்ம்வேரைப் பராமரிப்பு ஒப்பந்தம் உள்ளவர்களுக்குத்தான் தருவது என்பது இந்தத் தொழிலில் வழக்கமாகிவிட்டது. விற்பனையும் ஆதரவும் முடிந்த கருவிக்கு எதற்கு இந்தப் பூட்டு? கடைசி ஃபர்ம்வேரை எல்லோரும் இறக்கிக்கொள்ளத் தயாரிப்பாளர்கள் திறந்துவிட வேண்டும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நம் மின்கழிவு விதிகளில் பழுதுபார்த்துப் புதுப்பிப்போருக்குத் தனி இடமே இருக்கிறது. ஃபர்ம்வேர் கையில் இல்லாமல் அவர்கள் எதைப் புதுப்பிப்பது? அரசு இதையும் விதியில் சேர்க்க வேண்டும்.

அதுவரை, ஆபீஸ் மாற்றுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எடைக்குப் போடும் முன் பக்கத்துப் பள்ளி, முதியோர் இல்லம் என்று நாலு இடத்தில் விசாரியுங்கள், அடாப்டரையும் சேர்த்தே கொடுங்கள். எங்கள் பள்ளியில் சத்துணவுக் கூடத்துக்கு இன்னும் போன் மாட்டவில்லை, ஒரு 7960 கிடைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை