பொட்டலம் திரும்பி வந்தது

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் "அப்புறம் பேசுறேன்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ காரிலேயே விட்டுப்போன புளிச்சோற்றுப் பொட்டலத்தை டிரைவர் தம்பி விடியற்காலையில் கொண்டுவந்து கொடுத்தான். கட்டின நூல்கூட அவிழவில்லை. அதற்கு முன்பே தங்கச்சி உன் போட்டோவைக் காட்டிவிட்டாள். மீனம்பாக்கத்தில் கோழிக்கடை மேஜை, நாலு துண்டு வறுத்த கோழி, உருளைக்கிழங்கு, பெரிய டம்ளரில் கோக். சிரித்துக்கொண்டிருந்தாய். முகம் உப்பியிருந்ததா, விளக்கு வெளிச்சமா, தெரியவில்லை.

சோற்றை செக்யூரிட்டியில் விடமாட்டார்கள் என்று யார் சொன்னது? விசாரித்துவிட்டேன். தயிர், ரசம் மாதிரி தண்ணீராக இருப்பதைத்தான் 100 மில்லிக்கு மேல் கையில் கொண்டுபோகக் கூடாதாம்.

நீ ஆசைப்பட்டுச் சாப்பிட்டதைக் குறை சொல்லவில்லை. 1995-இல் பெங்களூரில் கேஎஃப்சி முதல் கடை திறந்ததை அப்பா பேப்பரில் படித்துக் காட்டி, ஒருநாள் எல்லோரையும் கூட்டிப்போகிறேன் என்றார். கடைசிவரை நடக்கவில்லை. இன்று நீ உன் சம்பளத்தில் வாங்கிச் சாப்பிடுகிறாய், வீட்டுக் கடனையும் அடைத்துவிட்டாய். தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் விமானம் ஏறப்போகும் நேரத்தில் அது வேண்டாம்பா. ஊறவைக்கும்போது ஒரு உப்பு, மேல்மாவில் ஒரு உப்பு. ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஒரு டீஸ்பூன். அந்தத் தட்டிலேயே அது தீர்ந்திருக்கும். விமானத்துக்குள் காற்று வறண்டு கிடக்கும். ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலைமேல் இருக்கிற மாதிரி அழுத்தம் குறைந்து வயிற்றில் இருக்கிற காற்று விரியும். அதன்மேல் கோக் வேறு. சிங்கப்பூர் வரை நாலு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் பாதம் வீங்காதா? இறங்கி நேராக வேலைக்குப் போகிறவன் நீ. உப்பைக் குறை. இட்லி கிடைத்தால் இரண்டு இட்லி சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி. உப்பைக் குறை.

உன் நீலப் பேண்ட்டைத் துவைக்கப் போட்டபோது பாக்கெட்டில் இருந்ததை எடுத்து உன் மேஜைமேல் வைத்தேன். நீ ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மாத்திரை அட்டை எனக்குத் தெரியாததா? அப்பாவுக்குப் பதினோரு வருஷம் நான்தான் பிரித்துக் கொடுத்தேன்.

டாக்டர் ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் கூடாது என்றார். அப்பா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தால் என்னால் தாங்க முடியாது. ஒரு துண்டுதானே என்று ஊறுகாயை வைத்துவிடுவேன். உங்களிடம் மட்டும், உப்பே சேர்ப்பதில்லை என்று சொல்வேன். அந்த ஐப்பசியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ கேட்டபோதும் அதையே சொன்னேன். பொய் சொன்னேன் சரவணா. இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

திரும்பி வந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் போட்டேன். உப்புக் கரித்தது. உனக்குப் பிடிக்குமே என்று அப்பாவுக்குப் போட்ட அதே கையால் போட்டிருக்கிறேன். மோர்மிளகாய் வேறு வைத்திருந்தேன்.

அடுத்த தடவை குறைத்துத்தான் கட்டுவேன். மாத்திரையை வேளை தவறாமல் போடு. அங்கே போய்ப் பார்த்துக்கொண்டாயா? மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு என்று இரண்டு எண் மட்டும் அனுப்பு, போதும். வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

அம்மா