எட்டு கிலோமீட்டர் வேண்டாம், முப்பது மீட்டர் தாழ்வாரம் போதும்

அனுப்புநர்
இதயச் செயலிழப்புடன் வாழும் விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகள்
(பெயர், முகவரி, மருத்துவச் சீட்டு நகல்கள் இணைப்பில்)

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்குக் கண்காணிப்புடன் கூடிய உடற்பயிற்சி வகுப்பு தொடங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் தந்தைக்கு வயது 57. முப்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்ததால் அதற்குக் கடன் வாங்கும் நிலை வரவில்லை. அந்த நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான்கு மாதத்தில் கால் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துவிட்டு, இதயத்தின் பம்பிங் 30 சதவீதம்தான் இருக்கிறது என்றார்கள். நீர் மாத்திரையும் மற்ற மாத்திரைகளும் எழுதிக்கொடுத்து, “ஸ்ட்ரெயின் பண்ணாதீங்க” என்று ஒரே ஒரு வரி சொல்லி அனுப்பினார்கள்.

அந்த ஒரு வரியை நாங்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். எட்டு மாதம் அப்பா கட்டிலைவிட்டு இறங்கவில்லை. தண்ணீர்ச் சொம்பைக்கூட நாங்களே கையில் கொடுத்தோம். தொடை வற்றி, கட்டிய லுங்கி இடுப்பில் நிற்காமல் போனது. இதயச் செயலிழப்பு என்ற பெயரே மிரட்டுகிறது. இதயம் நின்றுபோய்விட்டது என்றுதான் அக்கம்பக்கத்தில் புரிந்துகொண்டார்கள். நிற்கவில்லை, ரத்தத்தை இறைக்கும் திறன் குறைந்திருக்கிறது என்பதை எங்களுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை.

சொன்னவர் வேறொரு அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). ஒரு காலத்தில் மருத்துவர்களே இந்த நோய்க்குப் படுக்கை ஓய்வைத்தான் சொன்னார்களாம். படுத்தே கிடந்தால் கால் தசை கரைகிறது. கரைந்த தசையோடு நாலடி நடந்தாலும் மூச்சு வாங்குகிறது, பயந்து மறுபடி படுக்கிறார்கள். அமெரிக்கா, கனடா, பிரான்சு நாடுகளில் 2,331 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2009-இல் வெளிவந்ததையும் அவர்தான் சொன்னார். முதல் 36 பயிற்சிகள் கண்காணிப்பில், பிறகு வீட்டில். உயிரிழப்பு பெரிதாகக் குறைந்துவிட்டது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நிலையாக உள்ள நோயாளிக்குப் பயிற்சியால் ஆபத்தில்லை என்பதும், வாழ்க்கைத் தரம் கொஞ்சமாவது கூடுகிறது என்பதும் தெரிந்தது. 2021-இல் ஐரோப்பிய இதயவியல் சங்கமும் 2022-இல் அமெரிக்கச் சங்கங்களும் உடற்பயிற்சியை முதல்தரப் பரிந்துரையாகவே வைத்திருக்கின்றன.

அங்கே அப்பாவுக்கு வைத்த முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. 30 மீட்டர் தாழ்வாரம், இரு முனையிலும் ஒரு நாற்காலி, கைக்கடிகாரம். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்ப்பது. முதல் நாள் அப்பா நடந்தது ஏழு நீளம், 210 மீட்டர். நடுவில் இரண்டு முறை சுவரைப் பிடித்து நின்றார். வாரம் இருமுறை வகுப்பு. மற்ற நாட்களில் வீட்டில் நடக்க வேண்டும்; பேச முடிகிற அளவுக்கு மூச்சு வாங்கலாம், பேச்சே வராவிட்டால் நின்றுவிட வேண்டும். தெருவை அளக்க டேப் இல்லை. ஐந்தரை மீட்டர் சேலையை வைத்து ஐந்தரைச் சேலை என்று அளந்து வேப்பமரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார் அப்பா. நெய்தவர் கணக்கு தப்பாது. ஒரு நீளத்துக்கு ஒரு புளியங்கொட்டை, இடது பாக்கெட்டிலிருந்து வலது பாக்கெட்டுக்கு. பன்னிரண்டாவது வாரம் அதே தாழ்வாரத்தில் பதினொரு நீளம் நடந்தார், நிற்காமல். இப்போது அவரே குளிக்கிறார், கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறார்.

அந்த மருத்துவமனை எங்கள் ஊரிலிருந்து 70 கிலோமீட்டர். போகவர நாலு மணி நேரம். புறநகர்ப் பேருந்து என்பதால் பெண்களுக்கான கட்டணமில்லா விடியல் பயணமும் எனக்குக் கிடையாது. துணைக்குப் போகிற நாளெல்லாம் எனக்குக் கூலி இல்லை. எங்களோடு சேர்ந்த ஒன்பது பேரில் கடைசிவரை வந்தவர்கள் நாலு பேர்தான். பிறகு அந்த இயன்முறை மருத்துவர் பணிமாறுதலில் போனார், வகுப்பும் அவரோடு போய்விட்டது.

ஆகவே, இந்த வகுப்பு ஒரு தனி மனிதரின் அக்கறையில் நடக்காமல், துறையின் ஆணையில் நடக்க வேண்டும் என்று கேட்கிறேன். ஒவ்வொரு மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலும் வாரம் இருநாள், 12 வாரம் போதும். புதுக் கட்டடம் வேண்டாம். மருத்துவர் பார்த்து, நிலையாக இருக்கிறார் என்று எழுதித் தந்தவர்களை மட்டும் சேர்த்தால் போதும். அதன்பின் வீட்டில் தொடர, வீட்டுக்கே வந்து பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய நாளிலிருந்தே அதில் இயன்முறை சிகிச்சை உண்டு. எங்கள் தெருவுக்கு அப்படி வருகிறவர் பக்கவாதம் வந்த பாட்டிக்குக் கை, கால் பயிற்சி கொடுத்துவிட்டு எங்கள் வாசலைக் கடந்து போகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்பாவின் பெயர் அவர் பதிவேட்டில் இல்லை. அந்தப் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் அட்டையில் “ஸ்ட்ரெயின் பண்ணாதீங்க” என்பதற்குப் பதிலாக எவ்வளவு நடக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று தமிழில் அச்சிட வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடினாலோ, கால் வீங்கினாலோ நடைப்பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பது அதில் கட்டாயம் இருக்கட்டும். எங்களுக்கு அது தெரியவந்ததே வகுப்பில்தான்.

2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்திருக்கிறீர்கள். நல்ல காரியம். அந்தப் பாதையில் கால் வைக்கவே முடியாதவர்களுக்கு ஒரு தாழ்வாரமும், பக்கத்தில் கடிகாரத்தோடு ஒருவரும் தேவைப்படுகிறார்கள்.

எங்கள் பகுதியில் இதே நோயோடு இருப்பவர்களின் குடும்பத்தினர் 23 பேர் கையொப்பமிட்ட தாளையும் இணைத்துள்ளேன். தாங்கள் பரிசீலித்து ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மக்கள் குறைதீர் நாள் கூட்டம்.