அந்த அட்டைக் குழாய்களை என்ன செய்வது?

அன்புள்ள அம்முவுக்கு,

டிஷ்யூ ரோல் தீர்ந்தபிறகு மிஞ்சுகிற அட்டைக் குழாய்கள் ஒரு பை நிறையச் சேர்ந்துவிட்டன, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, என்ன செய்வதென்றும் தெரியவில்லை என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

முதலில் ஒன்று. அதன்மேல் கலர் பேப்பர் ஒட்டி, ஜிகினா தூவி, அலமாரியில் வைக்கும் பொம்மையாக மாற்றச் சொல்லி நிறைய வீடியோ வரும். அதில் நேரத்தைக் கொட்டாதே, கொஞ்ச நாளில் தூசி படிந்து அதுவும் குப்பைக்குத்தான் போகும். அந்தக் குழாய் உள்ளே காலியாக இருக்கிறது, நிறுத்தி வைத்தால் ஓரளவு எடை தாங்குகிறது, கத்தரிக்கோலால் சுலபமாக வெட்ட முடிகிறது, மண்ணில் போட்டால் மட்கிவிடுகிறது. இந்தக் குணங்கள் எங்கே உதவுமோ அங்கே பயன்படுத்து, அது போதும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதில் நாற்று வளர்ப்பது. சின்னக் குழாய் சுமார் 10 செ.மீ. உயரமும் 4 செ.மீ. அகலமும் இருக்கும். ஒரு முனையில் 2 செ.மீ. ஆழத்துக்கு நான்கு இடத்தில் வெட்டி, அந்த மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே மடக்கிவிட்டால் அடி மூடிக்கொள்ளும். மண் நிரப்பி, ஒரு தட்டில் நெருக்கமாக நிறுத்தி வை, சாயாது. பட்டாணி, பீன்ஸ், சூரியகாந்தி மாதிரி வேரைத் தொந்தரவு செய்தால் பிடிக்காத செடிகளுக்கு இது நல்ல வழி, ஏனென்றால் நாற்றைப் பிடுங்கவே வேண்டாம், குழாயோடு அப்படியே குழியில் இறக்கிவிடலாம், அட்டை ஊறி இளகியதும் வேர் அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும். இறக்கும்போது அடி மடிப்பைப் பிரித்துவிட்டால் வேருக்கு இன்னும் சுலபம். ஒன்றே ஒன்றில் கவனமாக இரு: அட்டையின் மேல்விளிம்பு மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டிக்கொண்டிருந்தால் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல மண்ணின் ஈரத்தை மேலே இழுத்துக் காற்றில் விட்டுவிடும், செடி காய்ந்துபோகும். குழாயின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூஞ்சை வந்தால் பயப்படாதே, தண்ணீரைக் குறைத்துக் காற்று வருகிற இடத்தில் வை.

அப்புறம் உன் மேசை இழுப்பறையில் பின்னிக் கிடக்கும் சார்ஜர் ஒயர்கள். ஒவ்வொன்றையும் மடித்து ஒரு குழாய்க்குள் நுழைத்து, எதனுடையது என்று வெளியே பேனாவால் எழுதி, ஒரு பெட்டியில் வரிசையாக நிறுத்திவிடு. ஆனால் சும்மா இருக்கும் ஒயருக்கு மட்டும்தான் இது. பிளக்கில் மாட்டிக் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும் ஒயரை இப்படிச் சுருட்டித் திணிக்கவே கூடாது, சூடு வெளியே போக வழியில்லாமல் தேங்கும், சுற்றியிருப்பதோ காகிதம். பல்புக்கு மேல் மூடியாக மாட்டுவதும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

ஃபாயில் ரோலின் நீளக் குழாய் கெட்டியாக இருக்கும். அதை நீளவாக்கில் ஒரு கீறு கீறி, கம்பி ஹேங்கரின் அடிக்கம்பியில் மாட்டிவிட்டால் பேன்ட்டில் அந்தக் கம்பி மடிப்பு விழாது. சின்னக் குழாயை அதே மாதிரி கீறிப் பரிசுப்பொருள் சுற்றும் தாளின் சுருள்மேல் மாட்டினால் தாள் பிரியாமல் நிற்கும், ரப்பர் பேண்ட் போட்டு ஓரம் கசங்கவும் வேண்டாம். சான்றிதழை மட்டும் இதில் சுருட்டி வைக்காதே. சாதாரண அட்டையில் அமிலம் உண்டு, வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தால் தாள் பழுத்துப்போகும்.

பாப்பா இப்போது கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிறாள் இல்லையா, ஒரு குழாயை அவள் விளையாடும் இடத்திலேயே வைத்துக்கொள். அதற்குள் முழுதாக நுழைகிற எந்தப் பொருளும் தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம், அதனால் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. பொம்மையின் சின்னப் பாகங்கள் இப்படி அடைக்குமா என்று சோதிக்கப் பயன்படுத்தும் முறையான உருளை இதைவிடக் குறுகலானது, சுமார் 3.2 செ.மீ. அகலம்தான், அதனால் நம் குழாய் கொஞ்சம் கூடுதலாகவே எச்சரிக்கிறது, அது நல்லதுதான். இருந்தாலும் பொத்தான் பேட்டரியையும் காந்தத்தையும் அளந்து பார்த்துக்கொண்டிருக்காதே, அவை வீட்டில் எங்கே இருக்கின்றன என்று இன்றைக்கே தேடி எடுத்துப் பூட்டி வை.

எல்லாவற்றையும் சேர்த்து வைக்க வேண்டும் என்றில்லை, வேலை இருக்கிற அளவுக்கு வைத்துக்கொள். ஈரமான மூலையில் குவித்தால் கரப்பானும் வெள்ளிமீன் பூச்சியும் அந்த அட்டைக்கும் பசைக்குமே வந்து குடியேறும். மீதியைச் சின்னச் சின்னதாகக் கிழித்து உரத்தொட்டியில் போடு, காய்கறித் தோலின் ஈரத்தை உறிஞ்சி நாற்றம் வராமல் பார்த்துக்கொள்ளும். பளபளவென்று பிளாஸ்டிக் பூச்சு இருப்பதை அதில் போடாதே. தொட்டி வைக்க இடமில்லை என்றால் பழைய பேப்பரோடு சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடு.

அன்புடன்,
அம்மா